‘ஒத்து வரலை’: டூலெட் படமும் அம்மாவின் வாடகை டைரியும்

2019 பிப்ரவரி 21, வியாழக்கிழமை. செழியன் இயக்கிய ‘டூலெட்’ தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைத்த சட்டம் அது. 2017இல் இயற்றியது, 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் அடுத்தடுத்த நாளில் வந்தது தற்செயல்தான். ஆனாலும் ஒரே விஷயத்தைப் பற்றி ஒரு கலைஞரும் ஒரு அரசாங்கமும் ஒரே வாரத்தில் பேசுவது அடிக்கடி நடக்கிறதில்லை.

படத்தை அப்பவே பார்த்தேன், பிடிச்சிருந்தது. போன மே மாசம் காரிமங்கலத்தில் அம்மா வீட்டில் ஒரு வாரம் இருந்தபோது மறுபடியும் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க நான் வேற ஒரு வேலையில் இருந்தேன். அம்மாவின் வாடகை டைரிகளை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பகலில் டைரி, ராத்திரி படம். இந்தத் தடவை படம் வேற மாதிரி தெரிந்தது. ஏன் என்று எழுதிப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

முதல்லயே ஒன்று சொல்லிடறேன். இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் கிடையாது. 2007இல், அதாவது படத்தின் கதை நடக்கிற அதே வருஷம், நான் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு வேளச்சேரியில் வாடகைக்கு இருந்தவன். இன்றைக்கு மூன்று போர்ஷன் வாடகைக்கு விடும் வீட்டுக்காரம்மாவின் மகன்.

படம் என்ன சொல்லுது

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமா. சினிமாவில் வாய்ப்புத் தேடும் இளங்கோ, மனைவி அமுதா, சின்னப் பையன் சித்தார்த். ஐ.டி. ஆட்கள் நல்ல வாடகை கொடுக்கிறார்கள் என்பதால் வீட்டுக்காரம்மா இவர்களை ஒரு மாசத்தில் காலி பண்ணச் சொல்லிவிடுகிறார். மீதிப் படம் முழுக்க வீடு தேடுவதுதான். பின்னணி இசை கிடையாது. குழாய்த் தண்ணி, கதவு, ஸ்கூட்டர் சத்தம்தான். 2017ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது.

வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டி வருவதில் தொடங்கும் கதை தமிழுக்குப் புதுசில்லை. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) அங்கேதான் தொடங்கும். ஆனால் அந்தப் படம் சீக்கிரமே சொந்த வீடு கட்டும் கஷ்டத்துக்குள் போய்விடும். செழியன் கடைசிவரை வாடகை வீட்டை விட்டு நகரவே மாட்டார். அவருடைய பெரிய பலம் அதுதான். நாம் இன்னும் குடியிருக்கும் வீட்டைப் பார்க்க யார் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதும், சமையலறையை எட்டிப் பார்ப்பதும் எவ்வளவு பெரிய அவமானம் என்பதை வேறு எந்தத் தமிழ்ப் படமும் இவ்வளவு பொறுமையாகக் காட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

என் விமர்சனம் வீட்டுக்காரம்மாவைப் பற்றியது. ஆதிரா பாண்டிலட்சுமி அந்தப் பாத்திரத்தை அசத்தலாகப் பண்ணியிருக்கிறார். ஆனால் அந்தம்மாவின் கணக்கு நமக்குத் தெரியவே தெரியாது. வீடு கட்டக் கடன் எவ்வளவு, வருமானம் எவ்வளவு, எத்தனை மாசம் காலியாக இருந்தது, ஒன்றும் இல்லை. வாடகை ஏறும்போது ஏற்றிக்கொள்ள நினைக்கும் ஒருத்தர், அவ்வளவுதான். படம் பார்த்துவிட்டு வெளியே வரும் நாம் எல்லோரும் ‘பேராசை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். 2019இல் நானும் அப்படித்தான் முடித்தேன். டைரியைத் திறந்தபிறகு அந்த வார்த்தை ஒட்டவில்லை.

டைரி

காரிமங்கலம் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், பெங்களூர் ரோட்டில் இருக்கும் பேரூராட்சி. செவ்வாய்க்கிழமை சந்தை, தாலுகா ஆபீஸ், அரசு மகளிர் கலைக் கல்லூரி. வாடகைக்கு வருகிறவர்கள் யார் என்று இதிலேயே தெரிந்துவிடும். வாத்தியார்கள், அரசு அலுவலர்கள், மருந்துக்கடைக்காரர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகக் கிராமத்திலிருந்து வருகிற குடும்பங்கள். இப்போது போச்சம்பள்ளி பக்கம் ஓலா ஸ்கூட்டர் ஆலைக்குப் போகிற பையன்களும் விசாரிக்கிறார்கள். ஓசூர் மாதிரி இங்கே வாடகை எகிறவில்லை. ஓசூர் 2019இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. நாங்கள் இன்னும் பஸ் நின்று போகிற ஊர்தான்.

அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் மாடியில் இரண்டு போர்ஷன், பின்பக்கம் ஒன்று கட்டினார். 2011 ஜனவரியிலிருந்து வாடகைக்கு விடுகிறோம். அப்பா போனபிறகும் அம்மா ஒரு மாசம் விடாமல் டைரியில் எழுதி வந்திருக்கிறார். தேதி, தொகை, ஈ.பி. ரீடிங், மோட்டார் காயில் கட்டியது, பெயின்ட் அடித்தது, எல்லாம். நான் ஏற்றியது 2011 முதல் 2024 வரை 14 வருஷம். மூன்று போர்ஷனுக்குமாகச் சேர்த்து 504 மாசம்.

2011இல் மூன்றுக்கும் சேர்த்து வாடகை ரூ.6,500. 2024இல் ரூ.13,500. வருஷத்துக்குச் சராசரி ஐந்தரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. விலைவாசி ஏறிய வேகமும் ஏறக்குறைய அதுதான். அதாவது 14 வருஷத்தில் அம்மா நிஜமாகக் கூட்டிய வாடகை என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் 200, 300 ஏற்றுவதற்கு அம்மா இரண்டு மாசம் யோசித்திருக்கிறார். “அவங்க முகத்தப் பார்த்து எப்படிக் கேக்கறது கண்ணு” என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கு.

இப்போது வருமானம். மூன்றும் நிறைந்திருந்தால் வருஷத்துக்கு ரூ.1,62,000. ஆனால் எப்போதும் நிறைந்திருக்காது. காலி மாசத்தைக் கழித்தால் சராசரியாக ரூ.1,42,000 சொச்சம். வெள்ளையடிப்பு, மோட்டார், செப்டிக் டேங்க், சொத்து வரி என்று வருஷத்துக்குச் சுமார் ரூ.30,000 போகிறது. (சொத்து வரி 2022இல் வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை ஏறியது.) கையில் நிற்பது ரூ.1,12,000. மூன்று போர்ஷனின் இன்றைய மதிப்பு, கட்டடத் தேய்மானம் கழித்து இடத்தோடு சேர்த்து, ஏறக்குறைய 45 லட்சம். ஆக 2.5 சதவீதம். இதே பணத்தை பாங்கில் ஏழு சதவீதத்துக்கு எஃப்.டி. போட்டால் வருஷம் ரூ.3,15,000 வரும், மோட்டார் ரிப்பேர் கிடையாது. இடத்தின் விலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் விற்றால்தானே அது பணம்? அம்மா விற்கப்போவதில்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கெட்ட நேரம் கிடையாது. இந்தியாவில் குடியிருப்பு வீட்டு வாடகை வருமானம் பொதுவாக வீட்டு மதிப்பில் இரண்டு, மூன்று சதவீதம் என்றுதான் சொல்வார்கள். டைரி அதையே சொல்லுது.

பக்கத்து வீதியில் சிலர் வாடகைக்குப் பதிலாகப் போகியத்துக்கு விடுகிறார்கள். மூன்று லட்சம் கொடுத்தால் மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருக்கலாம், போகும்போது பணம் திரும்பி வரும். இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பாங்க் வட்டிப்படி மூன்று லட்சத்துக்கு மாசம் ரூ.1,750தான். ரூ.4,500 வாடகை வரும் வீட்டை எதற்கு இதற்கு விடவேண்டும்? வீட்டுக்காரர் ஏற்கெனவே வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மட்டும்தான் புரியும். அந்த வட்டி மாசம் ரூ.6,000. ஒரு தெருவில் போகிய போர்டு அதிகமானால், அங்கே வீட்டுக்காரர்கள் கடனில் இருக்கிறார்கள் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

ஒன்பது சதவீதம்

பழைய 1960 சட்டத்தில் ‘நியாய வாடகை’ என்று ஒரு சூத்திரம் இருந்தது. நீதிமன்றத்துக்குப் போனால், குடியிருப்புக் கட்டடத்துக்கு அதன் மொத்த மதிப்பில் வருஷத்துக்கு ஒன்பது சதவீதம், கடை மாதிரி இடங்களுக்கு பன்னிரண்டு சதவீதம் என்று வாடகையை நிர்ணயிப்பார்கள். மதிப்பு போடுவதில் தேய்மானம், மனை அளவு என்று பல விதிகள் உண்டு. நான் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 45 லட்சத்துக்கு ஒன்பது சதவீதம் ரூ.4,05,000. மாசத்துக்கு ரூ.33,750. அம்மா வாங்குவது ரூ.13,500.

எழுதிய நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தேன். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பட்டணத்தில் வீடு கிடைக்காமல் வாடகை ஏறியபோது கொண்டுவந்த கட்டுப்பாட்டின் வழியில் வந்த சட்டம் இது. வீட்டுக்காரர்களின் பேராசையைக் கட்டிப்போட எழுதியது. அந்தச் சட்டம் ‘நியாயம்’ என்று சொன்ன வாடகையில் பாதியைக்கூட எங்கள் ஊர்ச் சந்தை தரவில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் ஒப்பந்தமான பழைய வாடகையில் மாட்டிக்கொண்ட பட்டணத்து வீட்டுக்காரர்களின் கதை வேறு, அவர்கள் பட்ட பாடு உண்மை. ஆனால் காரிமங்கலம் மாதிரி ஊர்களில் வாடகையைப் பிடித்து வைத்திருப்பது சட்டம் கிடையாது. வருகிறவர் சம்பளம்தான்.

ஆக, ‘டூலெட்’ வீட்டுக்காரம்மாவின் மீது எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. 2007இல் சென்னையில் அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. எங்கள் அம்மாவுக்கு 14 வருஷத்தில் அப்படி ஒரு வாய்ப்பே வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இது ‘வீட்டுக்காரர்களும் பாவம்தான்’ என்கிற கட்டுரையாக முடிந்திருக்கும். நிறுத்த முடியாமல் போனதற்குக் காரணம் எக்செல்லில் ஒரு காலம்.

காலி மாசம்

504 மாசத்தில் 61 மாசம் காலி. 12 சதவீதம். ஒரு இன்ஜினியராக எனக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது. மெஷின் எவ்வளவு வேகமாக ஓடுது என்று பார்க்கும் முன்னாடி எவ்வளவு நேரம் நின்றுபோயிருந்தது என்று பார்க்கிற பழக்கம். டைரியை வைத்துக்கொண்டு 61 மாசத்தையும் பிரித்தேன்.

பெயின்ட், ரிப்பேர் என்று நாங்களே பூட்டி வைத்தது 14 மாசம். யாருமே வரவில்லை என்பது 16 மாசம், அதில் ஒன்பது மாசம் கொரோனா வருஷங்களான 2020, 2021இல். மீதி 31 மாசம்? அந்த மாசங்களில் ஆள் வந்திருக்கிறார்கள். வீட்டைப் பார்த்திருக்கிறார்கள். வாடகை பேசியிருக்கிறார்கள். டைரியில் அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே வரிதான் எழுதியிருக்கிறார்: “வந்தாங்க. ஒத்து வரலை.”

வாடகை படியவில்லை போல என்றுதான் நினைத்தேன். அப்படியானால் ‘வாடகை கட்டலை’ என்று எழுதியிருப்பார், அப்படியும் சில இடத்தில் இருந்தது. சாயங்காலம் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தவரிடம் டைரியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அம்மாவுக்கு ஞாபக சக்தி அதிகம். பாதிப் பேரை நினைவு வைத்திருந்தார். சொல்லச் சொல்ல நான் காலத்தில் அடித்துக்கொண்டே வந்தேன். காலேஜில் வேலை கிடைத்து வந்த கல்யாணம் ஆகாத டீச்சர். துணிக்கடை வைக்க வந்த பாய் வீட்டுக்காரர்கள். பையன்கள் நாலு பேர். அப்புறம் ஒரு வி.ஏ.ஓ. குடும்பம், ஒரு பாங்க் கிளார்க், ஒரு போலீஸ்காரர் வீடு. இந்த மூன்றுக்கும் அம்மா காரணம் சொல்லவில்லை. “அதான், ஒத்து வரலைன்னு எழுதியிருக்கேனே” என்று பூவைக் கட்டினார். எனக்குப் புரிந்தது. எங்கள் மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் புரியும்.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்கிற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல விஷயம். ஆனால் அம்மாவின் டைரியில் அந்தச் சொல் ஒரு இடத்திலும் இல்லை. நீக்குவதற்கு ஒன்றுமே இல்லாதபடி சுத்தமாக இருக்கு.

31 மாசத்தையும் அந்தந்த வருஷ வாடகையில் கூட்டினேன். ரூ.1,02,000. குடியிருந்த 443 மாசத்திலும் மாசா மாசம் ரூ.230 கூடுதலாக வாங்கியிருந்தால்தான் இந்தப் பணம் ஈடாகும். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தயங்கிய அதே 200, 300 ரூபாய். குடியிருப்பவர்களிடம் அம்மா காட்டிய கருணைக்கு ஆன செலவும், உள்ளேயே விடாதவர்களிடம் காட்டிய கடுமைக்கு ஆன செலவும் ஏறக்குறைய ஒரே தொகை.

வீட்டு வாடகைச் சந்தை பற்றிப் பேசும்போது ‘டிமாண்ட் இல்லை’, ‘காலியாகவே கிடக்குது’ என்று எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்காரர்களும் சொல்வார்கள். எங்கள் கணக்கில் டிமாண்ட் இல்லாத மாசம் 16. டிமாண்டைத் திருப்பி அனுப்பிய மாசம் 31.

திரும்பவும் படம், கூடவே சட்டம்

இதற்கப்புறம் படத்தை மூன்றாவது தடவை, வீடு தேடும் காட்சிகளை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். செழியனுக்கு இது நல்லா தெரிஞ்சிருக்கு. இளங்கோ போகிற இடமெல்லாம் கேள்விதான். என்ன வேலை, சினிமாவா, என்ன ஆளுங்க, கறி சாப்பிடுவீங்களா. வாடகை பற்றிய பேச்சைவிடக் கேள்விகள்தான் அந்தக் குடும்பத்தை நொறுக்குகின்றன. நான் பணத்தைப் பற்றிய படம் என்று நினைத்துக்கொண்டிருந்தது நிஜத்தில் கேள்விகளைப் பற்றிய படம். படத்தின் மேல் என் குறை இப்போது இப்படி மாறியிருக்கு: கதையைத் தொடங்கி வைப்பது ஐ.டி. வாடகை என்பதால், பார்க்கிறவர்கள் குற்றவாளியைச் சந்தையிலேயே தேடி முடித்துவிடுகிறார்கள். படம் வந்த சமயத்தில் நண்பர்களோடு பேசியபோதும் பேச்சு ஐ.டி. சம்பளத்தைச் சுற்றியே போனது. அந்தக் கேள்விகளைக் கேட்கிற வீட்டில் பிறந்த நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் வந்த சட்டத்தில் நல்ல விஷயங்கள் உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸுக்குப் பொதுவான வரம்பு மூன்று மாச வாடகை. பெங்களூரில் பத்து மாசம் கேட்பார்கள் என்பதை நினைத்தால் இது பெரிசு. தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னாடி எழுத்தில் சொல்ல வேண்டும். ‘டூலெட்’டில் பார்த்த அந்த எட்டிப் பார்க்கும் அவமானத்துக்கு இது ஓரளவு பதில்.

ஆனால் இந்தச் சட்டம் தொடங்குவது சாவியைக் கொடுத்தபிறகு. கதவுக்கு வெளியே நிற்கிறவரைப் பற்றி இதில் பேச்சு இல்லை. சாதி, மதம், தனியாக வாழும் பெண் என்று காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு பிரிவு கிடையாது. அரசியல் சாசனத்தின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. அமெரிக்காவில் 1968இல் வீட்டு வாடகைப் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் போட்டபோது, நாலு குடியிருப்புக்குள் இருந்து, அதில் ஒன்றில் வீட்டுக்காரரே குடியிருந்தால் விலக்கு என்று வைத்தார்கள். ‘திருமதி மர்பி விலக்கு’ என்று அதற்குச் செல்லப் பெயர். கீழே ஒரு வீட்டில் இருந்துகொண்டு மூன்று போர்ஷன் விடும் எங்கள் அம்மா சரியாக அந்த விலக்குக்குள் வருவார். படித்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. அங்கேயும் நிறத்தைக் காட்டி மறுப்பதை 1866ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது, விலக்கு கிடையாது. எங்கள் அம்மாவுக்கு விலக்கே தேவைப்படவில்லை.

உள்ளே வந்துவிட்டவர்களுக்கும் இந்தச் சட்டத்தில் ஒரு பொறி இருக்கு. எழுத்தில் ஒப்பந்தம் போடத் தவறினால் அதுவே காலி செய்யச் சொல்லி மனுப் போட ஒரு காரணம் என்கிறது பிரிவு 21. இதைப் படித்ததும் மாடியில் ஒன்பது வருஷமாக இருக்கிற அண்ணனிடம், ஒப்பந்தம் போட்டுப் பதிவு பண்ணிடலாம், உங்களுக்குத்தான் பாதுகாப்பு என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “காலி பண்ணச் சொல்றீங்களா தம்பி? எதுன்னாலும் அக்கா வாயால சொல்லட்டும்” என்றார். காகிதம் இல்லாததால் வெளியேற்றலாம் என்கிறது சட்டம். காகிதம் நீட்டினால் வெளியேற்றுகிறார்கள் என்று நினைக்கிறது ஊர். இடையில் மாட்டிக்கொண்டு நான் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு இறங்கி வந்தேன். இன்னும் போடவில்லை.

வேளச்சேரி

அன்றைக்கு ராத்திரி அம்மாவோடு சண்டை. நான் எக்செல்லைக் காட்டி ஒரு லட்சம் போச்சு என்றேன். பணத்தைச் சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். அம்மா சொன்னது: “நீ பெங்களூர்ல இருக்க. இந்தத் தெருவுல நான்தான் இருக்கணும். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா இவங்கதான் வந்து நிக்கணும்.” இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா இறந்த அன்றைக்கு வந்து நின்றது அந்தத் தெருதான். அம்மா அந்த ஒரு லட்சத்தைத் தெருவுக்குக் கட்டிய சந்தாவாகப் பார்க்கிறார். அந்தச் சந்தாவுக்கு வேற யார் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் என் வாதம்.

அப்புறம் ஒன்று கேட்டார். “உனக்கு வேளச்சேரியில வீடு குடுத்தாங்களே, ஒண்ணும் கேக்காமயா குடுத்தாங்க?”

2007இல் நண்பர்கள் மூன்று பேரோடு அந்த வீட்டை ரூ.9,000க்குப் பிடித்தோம். முன்னாடி இருந்த குடும்பம் ஐந்தாயிரம்தான் கொடுத்துக்கொண்டிருந்தது என்று புரோக்கரே சொன்னார். நாங்கள் பேரம் பேசவே இல்லை. குடிபோன அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்கூல் டைம்டேபிள் ஒட்டியிருந்தது, கிழித்துப் போட்டோம். ‘டூலெட்’ முதல் தடவை பார்த்தபோது என்னை உறுத்தியது அந்த டைம்டேபிள்தான். என் சம்பளம் ஒரு குடும்பத்தை வெளியேற்றியது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்கூடக் கொஞ்சம் பெருமை இருந்தது என்று இப்போது படுது.

அம்மா கேட்டதும் வேற ஒன்று ஞாபகம் வந்தது. பேச்சுலர் பசங்களுக்கு வீடு இல்லை என்றுதான் அந்த வீட்டுக்காரரும் முதலில் சொன்னார். எந்த ஊர் என்றார், தர்மபுரி பக்கம் காரிமங்கலம் என்றேன். அங்கே யார் வீடு, என்ன ஆளுங்க என்றார். சொன்னேன். சரி, வாங்க என்றார். எனக்கு வீடு வாங்கிக் கொடுத்தது ஐ.டி. சம்பளம் என்று 18 வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை பார்த்த இன்னொரு நண்பனுக்கு அதே சம்பளம். அவன் ஆறு மாசம் மேன்ஷனிலேயே இருந்தான். சோம்பேறி, வீடு தேடவே மாட்டேங்கறான் என்று நாங்கள் கிண்டல் பண்ணுவோம்.

இப்போதைய நிலவரம்

மாடியில் பின்பக்கப் போர்ஷன் மார்ச் மாசத்திலிருந்து காலி. வாடகை ரூ.4,500, தனி ஈ.பி. மீட்டர் (இலவச யூனிட் குடியிருப்பவருக்கே கிடைக்கும், சப் மீட்டர் வீட்டில் அது கிடைக்காது), ஒகேனக்கல் தண்ணி வரும். எங்கள் மாவட்டத்தில் போர் தண்ணியில் ஃபுளோரைடு என்பதால் இதைத்தான் முதலில் கேட்பார்கள். குறையில்லாத வீடு.

நான் ஊரில் இருந்தபோதே மே மாசம் இரண்டு நர்ஸ் பெண்கள் வந்து பார்த்தார்கள். வாடகை சரி என்றார்கள், அட்வான்ஸ் சரி என்றார்கள். நைட் ஷிஃப்ட் உண்டு என்றார்கள். அம்மா சொல்லி அனுப்பறேன் என்றார். சொல்லி அனுப்பவில்லை. போன வாரம் போனில் விசாரித்தேன். அவர்கள் தர்மபுரியில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டார்களாம், தினமும் பஸ்ஸில் வந்து போகிறார்களாம். இது ஜூன். நாலு மாசம், ரூ.18,000.

நான் ஒன்று மட்டும் கேட்டிருக்கேன். இனிமேல் டைரியில் ‘ஒத்து வரலை’ என்று எழுதக் கூடாது, என்ன காரணமோ அதை முழுசாக எழுத வேண்டும். அம்மா அரை மனசோடு சரி என்றார். நர்ஸ் பெண்கள் வந்த தேதிக்கு நேராக என்ன எழுதியிருக்கிறார் என்று அடுத்த தடவை போகும்போது பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் சில பேராவது இருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும். காலி மாசங்களை எண்ணிப் பாருங்க. எத்தனை மாசம் ஆள் வரவில்லை, எத்தனை மாசம் வந்த ஆளை அனுப்பிவிட்டீர்கள் என்று இரண்டாகப் பிரியுங்க. பெயர், ஊர் எதுவும் வேண்டாம், இரண்டு நம்பர் மட்டும் எழுதி அனுப்புங்க. பத்து வீட்டுக் கணக்கு சேர்ந்தால் அடுத்த குறிப்பில் போடுகிறேன். எங்கள் வீட்டுக் கணக்கு 16க்கு 31. அதை முதல் வரியாக வைத்துக்கொள்ளலாம்.